இன்னும் கொஞ்ச நாள் ஓடும்

1

இந்தக் கதையை ஒரு தோழி எனக்குச் சொன்னாள் என்றுதான் முதல் வரியை எழுதியிருந்தேன். கதை எழுதுகிறவர்களுக்கு அப்படி ஒரு தோழி எப்போதும் கைவசம் இருப்பாள். நமக்கு வெட்கமாக இருக்கிற எதையும் அவள் தலையில் கட்டிவிடலாம். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை. ஜொகூரில் காஹாங் என்ற சின்ன ஊரில், குளுவாங் நகரத்துக்குப் போகிற சாலையோரம் இருக்கும் ஒரு கார் பட்டறையில், என் கண்ணெதிரே நடந்தது. இப்போதைக்கு இவ்வளவுதான் ஒப்புக்கொள்வேன்.

நடந்ததும் பெரிய விஷயமில்லை. ஒரு பெண் காரைக் கொண்டுவந்தாள். முன்சக்கரத்தில் சத்தம் வருகிறது என்றாள். மெக்கானிக் காரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்றார். அவள் போய்விட்டாள். சில வாரம் கழித்துத் திரும்ப வந்தாள். அவர் திரும்பவும் அதையே சொன்னார். இதில் கதை எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கம், முதல் முயற்சி:

மகேஸ்வரன் ஸ்பேனரைக் கீழே வைத்தபோது வானம் இருட்டிக்கொண்டு

(வேண்டாம். வானத்தில் தொடங்குகிற கதைகளை நானே பாதியில் மூடிவைத்துவிடுவேன்.)

இரண்டாம் முயற்சி:

மனித உறவுகளும் ஒரு வாகனத்தின் இணைப்புகளைப் போலத்தான், தேயத் தேய

(ஐயோ. இதை அழித்திருக்க வேண்டும். நீங்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன். இனி இந்தக் கதையில் இப்படி ஒரு தத்துவம் வந்தால் தாராளமாகத் திட்டலாம்.)

மூன்றாம் முயற்சி:

செல்வராணியின் காரில் சத்தம் வந்தது.

இது இருக்கட்டும்.

2

கதைக்குப் போவதற்கு முன்னால் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் போகாதீர்கள், என் சங்கடமெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

முன்சக்கரம் பள்ளம் மேட்டுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கவேண்டும். அதே சமயம் இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய வைப்பது ஒரு சின்ன சாமான். இரும்புக் கிண்ணத்துக்குள் ஓர் இரும்புக் குண்டு, சுற்றிலும் கிரீஸ், மேலே ஒரு ரப்பர் உறை. போல் ஜாயிண்ட் என்பார்கள். நம் இடுப்பில் தொடையெலும்பு உட்கார்ந்திருக்கிற மாதிரிதான். ரப்பர் கிழிந்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். குண்டு தேயும். தேய்ந்தால் கிண்ணத்துக்குள் ஆட்டம் கொடுக்கும், பள்ளத்தில் இறங்கும்போது டொக் என்று சத்தம் போடும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் போய்வருகிற கார்களுக்கு இந்த வியாதி சீக்கிரம் வரும்.

எப்போது மாற்றுவது என்பதுதான் கேள்வி. காரை ஜேக்கில் தூக்கி, டயரை மேலே ஒரு கையாலும் கீழே ஒரு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். பிறகு அடியில் ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பிப் பார்ப்பார்கள். ஆட்டம் இருந்தால் மாற்று என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஆனால் காஹாங்கில் ஓடுகிற பழைய கார்களில் ஆட்டம் இல்லாத கார் எது? கொஞ்சம் ஆட்டமா, ரொம்ப ஆட்டமா என்பதை அந்த நேரத்தில் டயரைப் பிடித்திருக்கிற கைதான் முடிவுசெய்கிறது. கை தப்பாக முடிவுசெய்தால் ஒருநாள் குண்டு கிண்ணத்தைவிட்டுக் கழன்றுவிடும். சக்கரம் வெளிப்பக்கமாக மடிந்து படுத்துக்கொள்ளும், ஸ்டீயரிங் உங்கள் பேச்சைக் கேட்காது. காஹாங்–குளுவாங் சாலையில் பின்னால் வருவது பெரும்பாலும் செம்பனைப் பழக்குலை ஏற்றிய லாரி. மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஆக, ஒரு மெக்கானிக் மூன்று விதமாகத் தீர்ப்புச் சொல்லலாம். ஒன்றும் இல்லை என்று சொல்லலாம். இப்போதே மாற்றவேண்டும் என்று சொல்லலாம். இரண்டுக்கும் நடுவே இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் 'கொஞ்ச நாள்' என்பது எத்தனை நாள் என்று எந்த மெக்கானிக்கும் சொன்னதில்லை, எந்தக் காரோட்டியும் கேட்டதில்லை.

3

செல்வராணியின் காரில் சத்தம் வந்தது.

செல்வராணி நாற்பதைத் தாண்டியவள். தோட்டத்துக்குள் இருக்கும் செம்பனை எண்ணெய் ஆலையில், லாரிகளை எடை பார்த்து உள்ளே அனுப்புகிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. (காரணம் கேட்காதீர்கள், பெரிய காரணம் எதுவும் கிடையாது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பிறகு அம்மாவுக்கு, பிறகு யாரும் கேட்கவில்லை.)

மகேஸ்வரனுக்கு ஐம்பது வயதிருக்கும். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் கோலாலம்பூரில் படிக்கிறாள். ஆள் நல்ல பேச்சுக்காரர், தன் காதைப் பற்றிக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பட்டறையில் உட்கார்ந்தபடியே சாலையில் போகிற கார்களுக்கெல்லாம் சத்தத்தை வைத்து வியாதி சொல்வார், யாரும் கேட்காவிட்டாலும்.

"அண்ணே, முன்னுக்கு டொக்கு டொக்குன்னு சத்தம் வருதுண்ணே," என்றாள் செல்வராணி.

"இடது பக்கம். போல் ஜாயிண்ட்டு. நீங்க வளைச்சு உள்ள வர்றப்பவே எனக்குக் கேட்டுருச்சு மிஸ்."

"அலமாக், அவ்ளோ சத்தமாவா கேக்குது?"

"மத்தவனுக்குக் கேக்காது. எனக்குக் கேக்கும்."

காரைத் தூக்கினார். டயரைப் பிடித்து ஆட்டினார். கம்பியை உள்ளே கொடுத்து நெம்பினார். செல்வராணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கும்போது நாம் டாக்டர் முகத்தைப் பார்ப்போமே, அப்படி.

"மாத்தணுமாண்ணே?"

"மாத்தலாம். இப்பவே மாத்தணும்னு இல்ல லா. இன்னும் கொஞ்ச நாள் ஓடும். ஒரு ஊசி போட்டு விடுறேன்."

ஊசி என்றால் நிஜமான ஊசி. தடித்த சிரிஞ்சில் கிரீஸை அடைத்து, ரப்பர் உறையில் குத்தி உள்ளே ஏற்றினார்.* சத்தம் நின்றுவிட்டது.

"சத்தம் வந்தா வாங்க," என்றார்.

செல்வராணி வீடுவரை அதையே நினைத்துக்கொண்டு போனாள்.

* இது ஏமாற்று வேலை அல்ல. பல பட்டறைகளில் செய்வதுதான். தேய்மானம் அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் கொஞ்ச நாள் அடங்கும். குத்துகிற ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் மழைத்தண்ணீர் உள்ளே போகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அவரும் சொல்லவில்லை.

4

மழைக்குப் பிறகு சத்தம் திரும்ப வந்தது. செல்வராணி போனாள். இன்னொரு ஊசி. மறுபடி வந்தது, மறுபடி போனாள்.

பட்டறையில் ஏதோ வேனிலிருந்து கழற்றிப்போட்ட ஒரு ஸீட் இருந்தது. அதில் உட்காரச் சொல்வார். பக்கத்துக் கடையிலிருந்து அவளுக்கு ஒரு தே ஓ, பால் போடாத தேநீர், வாங்கி வருவார். மகள் ஃபோனே எடுப்பதில்லை என்று குறைப்படுவார். அவள் லாரி டிரைவர்களைப் பற்றிச் சொல்வாள், எடையை ஏற்றிக் காட்டப் பழக்குலைக்கு அடியில் கல்லைப் போட்டுவந்தவனைப் பற்றிச் சொல்வாள். அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார். அடுத்தமுறை அவள் மரவள்ளிக்கிழங்குப் பலகாரம் செய்து எடுத்துப்போனாள். அவர் கிரீஸ் கையைக் கழுவிவிட்டு வந்து சாப்பிட்டார்.

சத்தம் வராத வாரங்களில் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. தமிழ்ப்பள்ளிக்கு முன்னாலிருக்கும் வேகத்தடையில் வேண்டுமென்றே வேகமாக ஏறி இறங்கிப் பார்ப்பாள். ஒன்றும் கேட்காவிட்டால் திரும்பி வந்து இன்னொருமுறை ஏறுவாள்.

(இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கதை எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும்.)

ஒருநாள் அவள் 'அண்ணே' என்று கூப்பிடவில்லை. முடிவுசெய்துகொண்டு போகவும் இல்லை. வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. "இங்க பாருங்களேன், திரும்ப சத்தம் வருது," என்று மொட்டையாகச் சொன்னாள். மகேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார்.  அன்றைக்கு டயரை ரொம்ப நேரம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

இனி நான் மகேஸ்வரனின் மனசுக்குள் போகவேண்டும். கதை அங்கேதான் போகச் சொல்கிறது. எழுதியதைத் தருகிறேன்:

மகேஸ்வரனின் கைக்குத் தெரிந்துவிட்டது. போன தடவையைவிட ஆட்டம் அதிகம். மாற்றியாகவேண்டும். மாற்றுவது ஒரு மத்தியானத்து வேலை. ஆனால் மாற்றிவிட்டால் சத்தம் போய்விடும். சத்தம் போய்விட்டால் இவள் எதற்கு இங்கே வருவாள்? அந்த ஸீட் காலியாகக் கிடக்கும். அவர் சிரிஞ்சை எடுத்தார். "இன்னும் கொஞ்ச நாள்" என்று சொல்லும்போது அவர் குரல்

நன்றாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் பிடித்திருக்கிறது. பல தடவை மாற்றி மாற்றி எழுதினேன், ஒவ்வொரு தடவையும் இன்னும் நன்றாக வந்தது. என் எழுத்து இவ்வளவு சுலபமாக வருவதே இல்லை. அதனால்தான் சந்தேகம் வந்தது.

5

பிரவீனாதான் என் கதைகளை முதலில் படிப்பவள். ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரில் வேலை. இரண்டு ஊரையும் இணைக்கும் பாலத்தில் பஸ் நகராமல் நிற்கும்போது படித்துவிட்டுக் கூப்பிடுவாள். பஸ் நகராத கோபமும் சேர்ந்து என் கதைமேல் விழும்.

"கதை நல்லாத்தான் இருக்கு மதி. ஆனா அந்த மெக்கானிக்க நம்ப முடியல லா."

"ஏன்?"

"எந்த மெக்கானிக்கு சாமான் மாத்த வேணாம்னு சொல்லுவான்? எனக்குத் தெரிஞ்சவனெல்லாம் நல்லா இருக்கறதையே கழட்டி எறியணும்பான்."

"அதான் கதையே. அவருக்கு அவ திரும்ப வரணும்."

"அது நீ சொல்றது. அந்த ஆளு எங்க சொன்னான்? சோம்பேறியா இருக்கலாம். சாமான் ஆர்டர் பண்ண மறந்திருக்கலாம். இல்ல, நெஜமாவே ஓடும்னு நெனச்சிருக்கலாம். காதப் பத்தி அவ்ளோ பீத்திக்கிறவனுக்குக் கை சரியில்லாம இருக்கலாம்ல?"

"அவர் கை சரியாத்தான் இருக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

 பின்னால் பஸ்ஸின் ஹாரன் சத்தம் கேட்டது.  பிரவீனா குரலை இறக்கி, "மதி, உன் காரு இப்ப எப்படி ஓடுது?" என்றாள்.

நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

6

சரி. செல்வராணி என்று யாரும் இல்லை. என் பெயர் சந்திரமதி. ஆலையில் எடை பார்ப்பது நான். கார் என்னுடையது, சத்தமும் என்னுடையது. எல்லாப் பெயரையும் மாற்றினேன். மகேஸ்வரனுக்கும் வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், கண்ணையா என்று வைத்தேன், ஜெயபாலன் என்று வைத்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. அவர் பெயரை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டேன்.

சில திருத்தங்கள். மரவள்ளிக்கிழங்குப் பலகாரம் செய்தது உண்மை. கொடுத்தது பொய். பட்டறைக்கு எதிரே காரை நிறுத்தி, இதை எப்படிக் கொடுப்பது, என்ன நினைப்பார் என்று யோசித்து, கடைசியில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து நானே முழுவதையும் தின்றேன். தே ஓ வாங்கித் தந்தது உண்மை. தொடையில் தட்டிச் சிரித்தது உண்மை. வேகத்தடை உண்மை. பள்ளிக்கூடக் காவலாளி என்னை ஒரு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தது வரைக்கும் உண்மை. 'அண்ணே' என்று கூப்பிடாததும், அவர் நிமிர்ந்து பார்த்ததும் உண்மை. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது.

மகேஸ்வரனின் மனசுக்குள் நான் போனதே இல்லை. நான்காம் பகுதியில் அவர் நினைப்பதாக எழுதியதெல்லாம் அவர் அப்படி நினைக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டது. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. இந்த வயதில் இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த வேன் ஸீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, யாரோ என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்குள் வந்துவிட்டது போல இருக்கிறது. அது போதும் என்று பலநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். போதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை மூடியிருக்கும் என்று தெரிந்தும் அந்தச் சாலை வழியாகத்தான் சந்தைக்குப் போகிறேன். மூடின கதவைப் பார்த்துவிட்டுப் போனாலும் அந்த நாள் கொஞ்சம் நன்றாகப் போகிறது.

அவரிடம் நேரடியாகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். என்ன கேட்பது? என் காரை ஏன் சரியாகப் பழுதுபார்க்க மாட்டேன் என்கிறீர்கள், என்மேல் ஆசையா என்றா?

7

கேட்க முடியாதவள் முடிவுகளை எழுதிப் பார்த்தாள்.

முதல் முடிவு. சாலையில் சக்கரம் மடிகிறது. செல்வராணி சாகிறாள். மகேஸ்வரன் அவள் காரைத் தன் பட்டறைக்கு இழுத்துவந்து, கழன்றுபோன ஜாயிண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறார். எழுதும்போது எனக்கும் கண் கலங்கியது. பிறகுதான் உறைத்தது, அவரை ஒருமுறை அழவைத்துப் பார்ப்பதற்காக என்னையே கொன்றிருக்கிறேன். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது முடிவு. காஹாங் கோயிலில் கல்யாணம். மகள் வந்து ஆரத்தி எடுக்கிறாள். (வேண்டாம், வேண்டாம். பிரவீனா படித்தால் பாலத்திலிருந்து குதித்துவிடுவாள்.)

மூன்றாவது முடிவு. ஒருநாள் அவள் போகிறாள். அவர் ஒன்றும் கேட்காமல் காரைத் தூக்கி, புது ஜாயிண்ட்டைப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "இனிமே சத்தம் வராது. ஆனா வாங்க," என்கிறார்.

"ஆனா வாங்க."

இந்த இரண்டு வார்த்தையை எழுதிவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைவிட நல்ல முடிவு எனக்கு எழுத வராது. இந்தக் கதையை இங்கேயே முடித்து ஞாயிறு மலருக்கு அனுப்பியிருப்பேன். ஆனால் பிரவீனா தினமும் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். "உன் மெக்கானிக்கு கதையில என்ன வேணா சொல்லட்டும். குளுவாங்ல வேற எடத்துல காட்டு. காட்டாம என்கிட்ட பேசாத," என்றாள்.

8

குளுவாங்கில் தீபனின் பட்டறை பெரியது. காரை மனிதர் உயரத்துக்குத் தூக்கும் மேடை இருக்கிறது. தீபன் முப்பது வயதுக்காரன், அதிகம் பேசாதவன். விளக்கைப் பிடித்துக்கொண்டு கீழே போனவன் அங்கிருந்தே கூப்பிட்டான்.

"அக்கா, கொஞ்சம் இங்க வந்து பாருங்க. இது யாருக்கா இப்படிக் குத்திக் குத்தி வெச்சது?"

பார்த்தேன். ரப்பர் உறை முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். ஒரு பக்கம் ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வாய் பிளந்திருந்தது. உள்ளே கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் துரு கலந்த தண்ணீர். தீபன் டயரைப் பிடித்து ஆட்டினான். நெம்பவே வேண்டியிருக்கவில்லை. என் கண்ணுக்கே தெரிந்தது. கிண்ணத்துக்குள் அந்தக் குண்டு பல் விழப்போகிற குழந்தையின் பல் மாதிரி ஆடியது.

"இன்னும் கொஞ்ச நாள் ஓடுமா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

தீபன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "இதுலயா காஹாங்லேருந்து வந்தீங்க? லாரி ஓடுற ரோட்லயா?"

"ஆமாம்."

"இத ஓடும்னு சொன்னவன் வாயில அடிக்கணும்க்கா. மாத்திடவா? சாமான் இருக்கு. ரொம்ப நேரம் ஆகாது."

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. இதைத்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்பாவிட்டாலும் சொல்கிறேன். சக்கரம் எப்போது வேண்டுமானாலும் மடியலாம் என்று கண்ணால் பார்த்த பிறகும், மாற்றிவிட்டால் அடுத்த மாதம் என்ன சொல்லிக்கொண்டு அங்கே போவது என்றுதான் யோசித்தேன். எதிரில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, செலவுக்குத்தான் யோசிக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"என்னக்கா?" என்றான் தீபன்.

"மாத்திடுங்க," என்றேன். "பழசைத் தூக்கிப் போட்டுறாதீங்க. எனக்கு வேணும்."

காத்திருக்கும்போது எழுந்து நடந்தேன், திரும்ப வந்து உட்கார்ந்தேன். முதலில் பயம் என்று நினைத்தேன், பிறகு கோபம் என்று தெரிந்தது. அவருக்குத் தெரிந்திருந்தால், தெரிந்தே என்னை அந்தச் சாலையில் அனுப்பியிருக்கிறார். திரும்ப வரவேண்டும் என்பதற்காக, வராமலே போகக்கூடிய ஒரு காரில் அனுப்பியிருக்கிறார். அது என்ன ஆசை? தெரியாமல் இருந்திருந்தால், அவர் ஒரு சாதாரண மோசமான மெக்கானிக். கை சரியில்லாதவர். அவர் பட்டறையில் நான் ஒரு வாடிக்கையாளர், தே ஓ வாங்கித் தருவது எல்லாருக்கும் செய்கிற மரியாதை, நான் வேகத்தடையில் ஏறி இறங்கியதெல்லாம் ஒன்றுமில்லாததற்கு.

முதலாவது குற்றம். இரண்டாவது வெறும் தவறு. தவறு என்று இருந்தால் அவரை மன்னித்துவிடலாம். உயிருக்கு மதிப்புக் கொடுக்கிற யாரும் அது தவறாகவே இருக்கட்டும் என்றுதான் நினைப்பார்கள். நானோ அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தெரிந்தே சொல்லியிருக்கட்டும், தெரிந்தே சொல்லியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். கண்ணீர் வந்துவிட்டது. எதிரில் இருந்த அம்மாள் பையிலிருந்து டிஷ்யூ எடுத்துக் கொடுத்து, "காருதானேம்மா, விடுங்க," என்றார்.

9

இதை எழுதவேண்டாம் என்று இருந்தேன். பிரவீனா, "அப்பறம் போனியா இல்லியா, அதையாவது சொல்லித் தொலை," என்றாள். போனேன்.

குளுவாங்கிலிருந்து நேராக மகேஸ்வரனின் பட்டறைக்குப் போனேன். அவர் ஒரு லாரிக்கு அடியில் இருந்தார், வெளியே நீட்டியிருந்த கால்கள்தான் தெரிந்தன. நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தொண்டையைச் செருமினேன். அவர் தவழ்ந்து வெளியே வந்தார்.

"எப்ப வந்தீங்க மிஸ்? சத்தமே கேக்கலையே."

"மாத்திட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிளாஸ்டிக் பையிலிருந்த பழைய ஜாயிண்ட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கி, துணியால் துடைத்தார். ரப்பரைத் திருப்பிப் பார்த்தார். ஓட்டைகள்மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினார். குண்டை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். 

நான் வழியெல்லாம் பல கேள்விகள் தயாரித்து வைத்திருந்தேன். கதைக்காரி இல்லையா, ஒவ்வொன்றும் நன்றாகவே இருந்தது. ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"தெரியாம சொன்னீங்களா, தெரிஞ்சே சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

மகேஸ்வரன் வேன் ஸீட்டில் போய் உட்கார்ந்தார். நான் வரும்போதெல்லாம் அவர் நின்றுகொண்டே பேசுவார், ஸீட் எனக்குத்தான். அன்றைக்குத்தான் அவர் அதில் உட்கார்ந்து பார்த்தேன். ஜாயிண்ட்டை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பதில் சொன்னார். நீளமான பதில் அல்ல. சொல்லிவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

அந்தப் பதிலை இங்கே எழுதப்போவதில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கதையில் அவர் பேசியது பாதிக்கு மேல் நான் எழுதிக்கொடுத்த பேச்சு. அவர் நினைத்ததெல்லாம் நான் நினைத்தது. அவர் தானாக, என் உதவியில்லாமல், எனக்கென்று சொன்னது இந்த ஒன்றுதான். இதையும் எழுதினால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்த ஆரம்பித்துவிடுவேன். இன்னும் நன்றாக வரும். பிறகு அவர் என்ன சொன்னார் என்பது எனக்கே மறந்துபோகும்.

உங்களுக்கு வேண்டிய பதிலை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பெண்ணின் உயிர் விஷயம், அவர் தெரியாமல் சொன்னதாகவே இருக்கட்டும் என்று விரும்பினீர்களா, இல்லை என்னைப் போலவே, தெரிந்தே சொல்லியிருக்கட்டும் என்று கொஞ்சமாவது ஆசைப்பட்டீர்களா? யாரிடமும் சொல்லவேண்டியதில்லை. அவர் சொன்னதை நானும் யாரிடமும் சொல்லவில்லை, பிரவீனாவிடம்கூட.